கேமரா வாங்கும்போது, விற்கும்போது, ஆர்டர் எடுக்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

கேள்வி: இரண்டு வருடமாக எங்கள் ஊரில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். கையில் இருக்கும் கேமராவை இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றுவிட்டு, செகண்ட் ஹேண்டில் நல்ல ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். வெளியூர் ஆர்டர்களும் இப்போது போனில் வர ஆரம்பித்திருக்கின்றன. நண்பர் ஒருவர் லென்ஸ் விற்க விளம்பரம் போட்ட அன்றே 18 ஆயிரம் ரூபாயை இழந்தார். அதிலிருந்து பயமாக இருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

விளம்பரம் போட்ட அன்றே பணம் போயிற்று என்கிறீர்கள். எப்படிப் போயிருக்கும் என்று என்னால் ஏறக்குறைய சொல்ல முடியும். மதுரைப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து மூன்று போட்டோகிராபர்கள் ஒரே மாதிரி இழந்திருக்கிறார்கள்.

விளம்பரம் போட்டுப் பத்து நிமிடத்தில் ஒரு போன் வரும். பேசுகிறவர் தன்னை ராணுவத்திலோ விமான நிலையப் பாதுகாப்புப் படையிலோ வேலை செய்பவர் என்று சொல்வார். சென்னைக்கு இப்போதுதான் மாற்றலாகி வந்ததாகவும், வெளியே வர அனுமதி இல்லை என்பதால் ஆள் அனுப்பிப் பொருளை எடுத்துக்கொள்வதாகவும் சொல்வார். கேட்காமலே அடையாள அட்டை, ஆதார், சீருடையில் இருக்கும் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அந்த அட்டைகள் பெரும்பாலும் வேறு யாரோ ஒரு அப்பாவியுடையவை. விலையில் பேரம் பேச மாட்டார். ஷட்டர் கவுண்ட் (இதுவரை அடித்த கிளிக் எண்ணிக்கை) எவ்வளவு, பில் இருக்கிறதா, லென்ஸுக்குள் ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா என்று ஒரு கேள்வி வராது. இதைத்தான் முதல் அடையாளமாக நான் எடுத்துக்கொள்வேன். நாற்பதாயிரம் கொடுத்துப் பழைய லென்ஸ் வாங்குகிறவன் நாற்பது கேள்வி கேட்பான்.

அப்புறம் அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு வரும். "ஸ்கேன் பண்ணுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்பார். நம்பிக்கை வருவதற்காக முதலில் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ உண்மையாகவே அனுப்புவதும் உண்டு. அடுத்த முறை நீங்கள் ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்தியதும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். உடனே பதறுவதுபோல் நடித்து, "தவறாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு முறை ஸ்கேன் பண்ணுங்கள்" என்பார். 18 ஆயிரம் என்பது ஒரே தடவையில் போயிருக்காது என்று நினைக்கிறேன். ஒன்பது, ஒன்பதாகப் போயிருக்கும்.

யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான், பணம் வாங்க அது தேவையே இல்லை. பணம் வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அந்த ஆள் அழைப்பைத் துண்டிக்கவே விடமாட்டான். பேசிக்கொண்டே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். யோசிக்க அரை நிமிடம் கிடைத்தால் நீங்கள் சுதாரித்துவிடுவீர்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால், பணம் சம்பந்தப்பட்ட எதையும் போனில் பேசிக்கொண்டே செய்யாதீர்கள். "பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுங்கள். உண்மையாக வாங்குகிறவர் காத்திருப்பார்.

தனி நபர்கள் ஒருவரிடம் ஒருவர் யுபிஐயில் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு வாசல் அடைபட்டது நல்லதுதான். க்யூஆர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

இதன் இன்னொரு வடிவம், பணம் வந்துவிட்டதாகக் காட்டுவது. வங்கியிலிருந்து வருவது மாதிரியே ஒரு குறுஞ்செய்தி வரும், அல்லது பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட் வரும், அல்லது நேரில் வந்தவர் தன் போனைத் திருப்பிக் காட்டுவார். போலிச் செயலிகளே இருக்கின்றன. பெயரும் தொகையும் கொடுத்தால் பணம் போனதாகத் திரை காட்டும். ஒரு படத்தை எவ்வளவு சுலபமாக மாற்றலாம் என்று நம்மைவிட அதிகமாக யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளையின் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பை நீக்கித் தருகிற நாமே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நம்பி லென்ஸைத் தூக்கிக் கொடுக்கிறோம். மனது ஆறாத விஷயம் இது. அவர் காட்டுவதை விட்டுவிட்டு, உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்புத் தொகையைப் பாருங்கள். ஏறியிருந்தால் பொருள் கை மாறட்டும். காசோலை கொடுத்தால் பணம் கணக்கில் ஏறி எடுக்கும் நிலைக்கு வரும்வரை பொருள் உங்களிடமே இருக்கட்டும். வங்கியில் போட்ட ரசீதின் படத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பி, "திங்கள்கிழமை ஏறிவிடும், நாளைக்கு ஷூட் இருக்கிறது" என்று கெஞ்சுவார்கள். இரங்காதீர்கள்.

சரி, பணம் உண்மையாகவே வந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா என்றால், அதிகம் பேர் பேசாத ஓர் ஆபத்து இனிமேல்தான் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன் கேனான் 5டி மார்க் 4 பாடியை நேரில் வந்தவரிடம் கொடுத்து, முழுத் தொகையையும் கணக்கில் வாங்கினார். மூன்று வாரம் கழித்து அவருடைய வங்கிக் கணக்கு முடங்கியது. விசாரித்தால், வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணத்தைத்தான் அந்த ஆள் இவருக்கு அனுப்பியிருக்கிறான். திருட்டுப் பணத்தைப் பொருளாக மாற்றிக்கொண்டு போய்விட்டான். பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்த சைபர் போலீஸார் இவர் கணக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இவரிடம் வாங்கியவரின் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லை. தான் விற்பனையாளர்தான், கூட்டாளி இல்லை என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தார்.

ஆகவே விற்கும்போது ஒரு விற்பனைச் சீட்டு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: பொருளின் பெயர், சீரியல் நம்பர், விலை, தேதி, இருவர் பெயரும் முகவரியும் கையெழுத்தும். வாங்குகிறவரின் அடையாள அட்டையை அசலாகப் பார்த்து முகத்தோடு ஒப்பிடுங்கள். அட்டையில் இருக்கும் பெயரும் பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். "என் மச்சான் கணக்கிலிருந்து அனுப்புகிறேன்" என்றால் நான் வாங்க மாட்டேன். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பொருளை அவர் கையில் வைத்திருக்கும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையான ஆள் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

இனி வாங்குவது. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றுக்காரனிடம் மட்டுமில்லை, சாதாரண ஆளிடமும் இங்கே நாம் ஏமாறுகிறோம்.

மார்க்கெட்டில் 90 ஆயிரத்துக்குப் போகும் பாடியை ஒருவர் 55 ஆயிரம் என்று போட்டிருந்தால், கூடவே "நிறைய பேர் கேட்கிறார்கள், இரண்டாயிரம் அனுப்பினால் உங்களுக்குப் பிடித்து வைக்கிறேன்" என்றால், அங்கேயே விட்டுவிடுங்கள். கேமராவே இல்லாத ஆள் அவன். விளம்பரத்தில் இருக்கும் படங்கள் வேறொருவர் விளம்பரத்திலிருந்து எடுத்தவையாக இருக்கும். சந்தேகம் வந்தால், உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கையில் பொருள் இருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. பார்க்காமல் கூரியரில் வாங்குவதை, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தவரைத் தவிர வேறு யாரிடமும் செய்யாதீர்கள். பார்சல் புறப்பட்டதற்கு ரசீது அனுப்புவார்கள், பிறகு வரி, காப்பீடு, டெலிவரிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பாருங்கள். இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு 70-200 லென்ஸை இருட்டும் நேரத்தில் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் வைத்து வாங்கினேன். டியூப்லைட்டில் கண்ணாடி பளிங்குபோல் இருந்தது. மறுநாள் ஸ்டூடியோவில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை மாதிரி ஃபங்கஸ் படர்ந்திருந்தது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. நம் ஊர்களின், அதிலும் கடற்கரை ஊர்களின், ஈரப்பதத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸ்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். "அதிகம் பயன்படுத்தவே இல்லை, பீரோவில்தான் இருந்தது" என்பது அதனால் நல்ல செய்தி ஆகிவிடாது. போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நூல் மாதிரியான கோடுகள், புகை படிந்ததுபோன்ற மங்கல் இருந்தால் வேண்டாம். இரண்டு மூன்று தூசு இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

பாடி என்றால் ஷட்டர் கவுண்ட்டைப் பாருங்கள். நிக்கான் டி850, சோனி ஏ7 மூன்றாம் தலைமுறை ஆகியவற்றுக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 2 லட்சம் கிளிக். கேனான் 5டி மார்க் 4-க்கு 1.5 லட்சம். அந்த எண்ணைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் விலை அதற்கேற்றபடி இறங்க வேண்டும். நிக்கானில் எடுத்த ஒரு ஜேபெக் படத்தின் எக்ஸிஃப் தகவலிலேயே, அதாவது படத்தோடு சேர்ந்து பதியும் விவரத்திலேயே, கவுண்ட் இருக்கும். கேனானின் பழைய பாடிகளுக்குக் கேமராவைக் கணினியில் இணைத்துத் தனி மென்பொருளால் பார்க்க வேண்டும். அதனால் லேப்டாப்பும் கேபிளும் கொண்டு போங்கள். மெமரி கார்டும் உங்களுடையதைக் கொண்டு போங்கள், அங்கேயே எடுத்த படத்தை நீங்களே சோதியுங்கள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கவுண்ட் ஸ்கிரீன்ஷாட் வேறு கேமராவுடையதாக இருக்கலாம். ஒரு கல்யாணத்துக்கு நாம் மூவாயிரம் நாலாயிரம் கிளிக் அடிக்கிறோம். வருடத்துக்கு நாற்பது கல்யாணம் எடுத்தாலே 1.5 லட்சத்தைத் தொட்டுவிடும். "வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான்" என்கிறவரின் பாடியில் 1.2 லட்சம் காட்டினால், கவுண்ட்டை நம்புங்கள்.

மற்றபடி லென்ஸின் துளையை எஃப் 16, எஃப் 22 என்று சின்னதாக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் சென்சார் நிலவரம் தெரியும். புள்ளி என்றால் தூசு, துடைத்தால் போகும். கோடு என்றால் கீறல், போகாது. ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். இரண்டு கார்டு ஸ்லாட்டையும் போட்டுப் பாருங்கள், ஃப்ளாஷைப் பொருத்தி அடித்துப் பாருங்கள், பத்து நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில் இல்லாத பொருள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கேமராவின் அடியில் இருக்கும் நம்பரோடு பில், பெட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், அவர் வாங்கிய கடையில் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள். உண்மையான உரிமையாளரிடம் அந்தக் கேமராவில் எடுத்த பழைய ரா ஃபைல்களாவது (கேமரா பதியும் மூலக் கோப்புகள்) இருக்கும், அதற்குள் சீரியல் நம்பரும் பெரும்பாலும் இருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருந்தும் கவலைப்படாமலோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 317-ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை. பாதி விலைக்கு, பில் இல்லாமல், பேருந்து நிலையத்தில் வாங்கினேன் என்பதே சந்தேகப்படக் காரணம் இருந்தது என்று சொல்லப் போதும். அந்தக் கேமராவை இழந்தவர் நம்மை மாதிரி ஒருவர்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் அவருடைய கல்யாண ஆர்டரின் படங்களே அதற்குள் இருந்திருக்கும்.

புதிதாக வாங்கும்போதும் ஒரு பேச்சு. டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து 2019 ஜனவரியில் 18 ஆனது. அந்தப் பதினெட்டு இல்லாமல் தருகிறேன் என்று வருவதுதான் கிரே மார்க்கெட் சரக்கு. பொருள் அசலாகவே இருக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளை இறக்குமதி செய்யாத பாடிக்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. "கடை வாரண்டி" என்பது அந்தக் கடைக்காரரின் வாய் வார்த்தை, அவ்வளவுதான். இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது ட்ரோனில். வெளிநாட்டில் முழுதாகச் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிறகு வெளிவந்த வெளிநாட்டு மாடலை "சீல் உடைக்காதது" என்று ஒருவர் நீட்டினால், அது எந்த வழியாக வந்திருக்கும் என்று யோசியுங்கள். பறிமுதல் ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மெமரி கார்டும் பேட்டரியும் சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். போலிக் கார்டு கம்ப்யூட்டரில் 128 ஜிபி என்றே காட்டும், ஆனால் உள்ளே உண்மையில் 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். அதைத் தாண்டியதும் பிழை எதுவும் காட்டாமலே பதிவது மாதிரி நடிக்கும். முகூர்த்தம் பதிவாகி, ரிசப்ஷன் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டு முழுவதும் எழுதி, மறுபடி படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கும் எந்தக் கார்டையும் அதில் ஓட்டிவிட்டுத்தான் நான் ஷூட்டுக்கு எடுத்துப் போகிறேன். நேரம் எடுக்கும், பரவாயில்லை.

இப்போது ஆர்டர்கள். ஆடி, மார்கழி மாதங்களில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது வரும் பெரிய ஆர்டர் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. நான் முதலில் சொன்ன அதே ராணுவக்காரர் இங்கேயும் வருவார். முகாமுக்குள் குடும்ப விழா, இரண்டு நாள், நீங்கள் கேட்ட தொகை, பேரமே கிடையாது. ஆனால் "எங்கள் கணக்குப் பிரிவின் முறைப்படி முதலில் நீங்கள் ஒரு சின்னத் தொகை அனுப்பினால், அது இரட்டிப்பாக அட்வான்ஸோடு சேர்ந்து வரும்" என்பார். ஆர்டர் கொடுப்பவருக்கு நாம் பணம் அனுப்பும் முறை இந்த உலகத்தில் எங்கும் கிடையாது. ராணுவத்திலும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இதையே வேறு மாதிரி செய்வார்: அட்வான்ஸை அதிகமாக அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மிச்சத்தை "விழா ஏற்பாட்டாளருக்கு" அனுப்பச் சொல்வார். நாம் அனுப்பிய பிறகு அவருடைய காசோலை திரும்பும், அல்லது அவர் பயன்படுத்திய திருட்டு கிரெடிட் கார்டின் பணம் திரும்பப் போய்விடும்.

ஆள் தெரியாத அவுட்டோர் ஷூட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணத்தோடு உடம்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ப்ரீ வெட்டிங் ஷூட் என்று வரவழைத்து, ஊருக்கு வெளியே வைத்துக் கேமராப் பையைப் பறித்துக்கொண்டு போன சம்பவங்கள் உண்டு. புதிய பார்ட்டி என்றால் முதலில் ஸ்டூடியோவுக்கோ மண்டபத்துக்கோ வரச் சொல்லிப் பாருங்கள். வீடியோ அழைப்பில் பெண், மாப்பிள்ளை இருவரிடமும் பேசுங்கள். பத்திரிகை அடித்திருந்தால் வாங்கி, மண்டபத்துக்குப் போன் செய்து அந்தத் தேதி அந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இடத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றினால் போகாதீர்கள். தனியாக ஒருபோதும் போகாதீர்கள்.

கேமராவை வாடகைக்கு விடுவதாக இருந்தால் அதுவும் இதே கதைதான். போலி ஆதாரைக் கொடுத்து எடுத்துப் போய், அன்று சாயங்காலமே அடகு வைத்துவிடுவார்கள். நான் இப்போது வாடகைக்குத் தருவது, நான் நேரில் பார்த்த ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கோ அவர்கள் சொல்லி அனுப்பும் ஆளுக்கோ மட்டும். முத்திரைத்தாளில் சீரியல் நம்பர்களோடு ஒப்பந்தம், வைப்புத்தொகை, வீட்டு முகவரியை ஒருமுறை நேரில் பார்ப்பது இவை மூன்றும் கட்டாயம். ஒப்பந்தம் இல்லாமல் காவல் நிலையம் போனால் இது உங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று சொல்லி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஒப்பந்தம் இருந்தால் நம்பிக்கை மோசடி என்று புகார் எழுத முடியும். அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆவது பிரிவு.

நம் தொழிலில் அதிகம் பணம் போவது இதில் எதிலும் இல்லை என்பது என் கணிப்பு. தெரிந்த ஸ்டூடியோக்காரருக்காக வேலைக்குப் போய், மூன்று மாதம் கழித்தும் சம்பளம் வராமல் இருக்கிறதே, அதில்தான் போகிறது. அவர்களை மோசடிக்காரர்கள் என்று யாரும் சொல்வதில்லை, நாமும் உறவு கெட்டுவிடும் என்று வாயைத் திறப்பதில்லை. இளம் பையன்கள் இதில் நொந்துபோய்த் தொழிலையே விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். போகும் முன்னால் தேதி, நேரம், தொகை, எந்த நாளில் பணம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். பாதித் தொகை முதலில் வரட்டும். மீதி வந்த பிறகு ரா ஃபைல்கள் போகட்டும். முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதோடு ஒட்டியது பதிப்புரிமை. நாம் எடுத்தால் படம் நம்முடையது என்று நினைக்கிறோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டதன் பேரில் எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்கிறது. கல்யாணப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட வேண்டுமென்றால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் சொந்தப் படம் என்றால் நிலைமை தலைகீழ்: உரிமையை எழுத்தில் கையெழுத்திட்டுத் தந்தால்தான் மாற்றியதாக ஆகும், காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். இது 19-ஆவது பிரிவு. போட்டோ போட்டிகளுக்கு அனுப்பும் முன்னால் விதிமுறைகளை முழுதாகப் படிப்பது இதனால்தான். ஐந்நூறு ரூபாய் நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, வந்த எல்லாப் படங்களையும் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையை எழுதி வாங்கும் போட்டிகள் இருக்கின்றன. பரிசு ஒருவருக்கு, படம் ஆயிரம் பேருடையது.

இன்ஸ்டாகிராமில் வரும் மூன்று செய்திகளைப் பார்த்ததும் அழித்துவிடலாம். உங்கள் படத்தை என்எஃப்டியாக (இணையத்தில் விற்கும் டிஜிட்டல் உரிமைச் சான்றாக) பல லட்சத்துக்கு வாங்குகிறேன், ஆனால் முதலில் ஒரு தளத்தில் கட்டணம் கட்ட வேண்டும் என்பது ஒன்று. நான் ஓவியர், உங்கள் படத்தைப் பார்த்து வரைய விரும்புகிறேன், காசோலை அனுப்புகிறேன் என்பது இரண்டு. நீங்கள் பதிப்புரிமையை மீறிவிட்டீர்கள், இந்த இணைப்பில் கடவுச்சொல் போட்டு மறுப்புத் தெரிவிக்காவிட்டால் 24 மணி நேரத்தில் கணக்கு போய்விடும் என்பது மூன்று. மூன்றாவதில் கணக்கை இழந்தால் ஐந்து வருட வேலை மொத்தமும் போகும். இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. அழுவதும் வீட்டில் சொல்வதும் அப்புறம். போன பணம் நிமிடக் கணக்கில் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். அது ஏடிஎம்மில் வெளியே வருவதற்குள் நடுவில் எங்காவது நிறுத்தினால்தான் உண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், எந்தப் பெயருக்குப் போனது என்பதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். உங்கள் வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, நம் தவறு எதுவும் இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. நாமே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது, அதனால்தான் 1930-க்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் பேசுவது அவ்வளவு முக்கியம்.

உங்கள் நண்பர் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் புகார் செய்யாமல் இருந்தால், நீங்களே கூட உட்கார்ந்து இன்று பதிந்துவிடுங்கள். நாள் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் ஏதாவது மிச்சம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், புகார் எண் உள்ளவர்தான் அதைக் கேட்க முடியும். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள்: "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று சீக்கிரமே ஒருவர் கூப்பிடுவார், போலீஸ் என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொள்வார். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.